அல்க்யூ3 ஸ்பின் வால்வு: அந்த 40 சதவீதம் எங்கிருந்து வந்தது?

2004 பிப்ரவரி கடைசியில் வந்த நேச்சர் இதழில் நான்கே பக்கத்தில் ஒரு கட்டுரை. எழுதியவர்கள் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷியோங், டி வூ, வாலி வார்டெனி, ஜிங் ஷி என்ற நால்வர். இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே அல்க்யூ3 என்ற கரிமக் குறைகடத்தியை வைத்து, 11 கெல்வின் குளிரில், காந்தங்கள் ஒரே திசையில் இருக்கும்போதும் எதிரெதிராக இருக்கும்போதும் மின்தடை 40 சதவீதம் வரை வேறுபடுகிறது என்று காட்டியிருந்தார்கள். கரிம ஸ்பின்ட்ரானிக்ஸ் என்று இன்று நாம் சொல்லும் துறை பெரிய அளவில் கிளம்பியது இந்தக் கட்டுரைக்குப் பின்னால்தான்.

ஆனால் அந்த 40 சதவீதம் எதனால் வந்தது என்று கேட்டால், இருபது வருஷம் கழித்தும் எல்லோரும் தலையாட்டும் ஒரே பதில் கிடையாது. எலக்ட்ரான்கள் தங்கள் ஸ்பின்னை, அதாவது ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம் போலச் சுமக்கும் திசைக் குணத்தை, காப்பாற்றிக்கொண்டு கரிம அடுக்கு முழுவதையும் கடந்து போனதால் வந்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. அப்படியெல்லாம் கடக்கவே இல்லை, எங்கோ படலம் மெலிந்திருந்த இடத்தில் ஒரு காந்தத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவிவிட்டன என்று இன்னொரு தரப்பு. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காந்தப்புலத்தோடு மின்தடை மாறுவதாக அவர்கள் அளந்த வளைவில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அந்த வளைவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கரிமப் பொருளுக்குள் ஸ்பின் நகர்ந்தது என்று எழுதுவதற்கு இடமில்லை. அதற்குத் தனியாக ஒரு சோதனை இருக்கிறது, ஹான்லே சோதனை. இந்த வகைக் கருவி அதில் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் சுவாரசியமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகவே போகலாம்.

கருவி என்ன, அதில் என்ன எதிர்பார்த்தார்கள்

ஸ்பின் வால்வு என்பது பழைய சரக்குதான். 1988-இல் பிரான்சில் ஆல்பெர் ஃபெர்ட் குழுவும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க் குழுவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த பெருங்காந்தமின்தடை விளைவு. 2007-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இரண்டு காந்த உலோகப் படலங்கள், நடுவில் காந்தமற்ற ஓர் அடுக்கு. இரண்டு காந்தங்களும் வெவ்வேறு அளவு காந்தப்புலத்தில் திசை திரும்பும்படி தேர்ந்தெடுத்தால், புலத்தை ஏற்றி இறக்கும்போது நடுவில் ஒரு குறுகிய இடைவெளியில் அவை எதிரெதிராக நிற்கும். அந்த இடைவெளியில் மின்தடை எகிறும் அல்லது சரியும். அதுவரை நடுவில் இருந்தவை பெரும்பாலும் உலோகமோ ஆக்சைடோதான்.

அங்கே கரிமப் பொருளைக் கொண்டுவந்து வைப்பதற்கு நல்ல காரணம் இருந்தது. எலக்ட்ரானின் ஸ்பின் திசை கெடுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு. அணு எண் ஏற ஏற அது வெகு வேகமாக வளரும், ஏறக்குறைய நான்காம் அடுக்கில் என்று சொல்வார்கள். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் இலேசான அணுக்கள். அல்க்யூ3-இல் கனமானது என்று பார்த்தால் நடுவில் இருக்கும் ஒரே ஓர் அலுமினியம், அணு எண் 13. இன்னொரு எதிரி அணுக்கருக்களின் காந்தப்புலம். கார்பனில் 99 சதவீதம் கருச்சுழற்சி இல்லாத கார்பன்-12, ஆகவே தொல்லை ஹைட்ரஜனிடமிருந்துதான் அதிகம் வரும். மூலக்கூறுக்கு அந்த உள்புலம் சில மில்லிடெஸ்லா அளவில் இருக்கும். ஆக, ஸ்பின் நீண்ட நேரம் உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

பிரச்சினை நேரத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. அல்க்யூ3 படலம் ஒழுங்கற்ற பொருள். எலக்ட்ரான் ஒரு மூலக்கூறிலிருந்து பக்கத்து மூலக்கூறுக்குத் தத்தித் தத்தித்தான் போகும். அதன் இயங்குதிறன் (மின்புலம் இழுக்கும்போது எவ்வளவு வேகமாக நகரும் என்ற அளவு) அறை வெப்பநிலையில் தாராளமாகப் போட்டாலும் வோல்ட்-செகண்டுக்கு ஒரு லட்சத்தில் ஒரு பங்கு சதுர சென்டிமீட்டர் அளவுதான். சிலிக்கானில் அது ஆயிரத்துக்கு மேல். அதாவது பத்துக் கோடி மடங்கு வித்தியாசம். ஸ்பின் ரொம்ப நேரம் வாழும், ஆனால் அந்த நேரத்தில் அதைச் சுமப்பவர் வீட்டு வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார் என்பதே கரிமப் பொருளின் அடிப்படைச் சிக்கல்.

யூட்டா கருவிக்கு வருவோம். கீழ் மின்முனை லாந்தனம்-ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட் என்ற ஆக்சைடு. குறைந்த வெப்பநிலையில் அதன் கடத்து எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட முழுக்க ஒரே ஸ்பின் திசையில் இருக்கும், காற்றில் வைத்தாலும் கெட்டுப்போகாது, அதனால் இந்தத் துறையில் எல்லோருக்கும் பிடித்த மின்முனை. அதன் மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அல்க்யூ3, தடிமன் 130 முதல் 260 நானோமீட்டர் வரை. அதற்கு மேல் கோபால்ட். அல்க்யூ3-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு விசேஷமான காந்தக் காரணம் ஏதும் இல்லை. 1987-இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் செய்த முதல் நடைமுறை ஓஎல்இடி-யில் (கரிம ஒளி உமிழ் டையோடில்) இருந்த பொருள் அது, எல்லா ஆய்வகத்திலும் டப்பா டப்பாவாக இருக்கும், எளிதில் படியும்.

கிடைத்த முடிவு தலைகீழாக இருந்தது. வழக்கமான ஸ்பின் வால்வில் காந்தங்கள் எதிரெதிராக இருந்தால் மின்தடை கூடும், இங்கே குறைந்தது. அல்க்யூ3-இன் தடிமன் கூடக் கூட விளைவு தேய்ந்தது, வெப்பநிலை ஏற ஏற தேய்ந்து அறை வெப்பநிலையை நெருங்கும்போது மறைந்தே போனது, மின்னழுத்தம் கூட்டினாலும் தேய்ந்தது. தடிமனோடு தேய்ந்ததை ஒரு சூத்திரத்தில் பொருத்தி, ஸ்பின் பரவல் நீளம் (ஸ்பின் கெடுவதற்குள் சராசரியாகப் போகும் தூரம்) 45 நானோமீட்டர் என்று எழுதினார்கள். அப்புறம் ஒரு வாக்கியம், பிற்பாடு எல்லோரும் திரும்பத் திரும்பப் போய்ப் படித்த வாக்கியம்: கோபால்ட் படியும்போது கரிமப் பொருளுக்குள் நுழைந்து, 100 நானோமீட்டர் வரை சரியாக வரையறுக்க முடியாத ஒரு பகுதி உண்டாகலாம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். மறைக்கவில்லை, அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் 130 நானோமீட்டர் அடுக்கில் 100 நானோமீட்டர் எப்படியிருக்கிறது என்று தெரியாது என்றால் மிச்சம் என்ன என்று வாசகர் கேட்கத்தானே செய்வார்.

இதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2002-இல், இத்தாலியின் பொலோன்யாவில் வாலன்டின் டெடியு குழு, பக்கவாட்டில் வைத்த இரண்டு மாங்கனைட் மின்முனைகளுக்கு நடுவே செக்சிதியோஃபீன் என்ற கரிமப் பொருளை வைத்து அறை வெப்பநிலையிலேயே காந்தமின்தடை (காந்தப்புலத்தால் மின்தடை மாறுவது) கண்டதாக எழுதியிருந்தது. ஆனால் இரண்டு மின்முனையும் ஒரே பொருள் என்பதால் தனித்தனியாகத் திருப்ப முடியாது, மின்தடை படிபோல் எகிறியோ சரிந்தோ திரும்பும், ஸ்பின் வால்வின் கையெழுத்தான அந்தப் படிவளைவு அதில் இல்லை. இந்தக் குழுவின் பெயரை நினைவில் வையுங்கள், கதையில் திரும்ப வருவார்கள்.

மின்னோட்டம் எந்த வழியில் போனது?

முதல் சந்தேகம் ஆற்றல் கணக்கிலிருந்து வருகிறது. மாங்கனைட்டிலும் கோபால்ட்டிலும் எலக்ட்ரான்கள் இருக்கும் ஆற்றல் மட்டத்துக்கும் அல்க்யூ3-இல் எலக்ட்ரான் நுழையக்கூடிய மட்டத்துக்கும் நடுவே ஓர் எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. 11 கெல்வினில் வெப்பம் தரும் ஆற்றல் வெறும் ஒரு மில்லி எலக்ட்ரான்வோல்ட், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓஎல்இடி ஒளிர வேண்டுமானால் சில வோல்ட் கொடுக்க வேண்டியிருப்பதே இந்தத் தடுப்பைத் தாண்டத்தான். ஸ்பின் வால்விலோ விளைவு பெரிதாகத் தெரிவது ஒரு வோல்ட்டுக்கும் கீழே, மில்லிவோல்ட் கணக்கில். அவ்வளவு குளிரில் அவ்வளவு சின்ன அழுத்தத்தில் எலக்ட்ரான் எப்படி உள்ளே நுழைந்தது? நுழையவில்லை, வேறு குறுக்கு வழி இருக்கிறது என்பது பலருக்கும் உடனே தோன்றிய பதில்.

அந்தக் குறுக்கு வழிதான் மெலிந்த இடம். இதைப் பலர் 'படலத்தில் ஓட்டை' என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு ஆபத்தானது என்று புரியும். தடுப்பின் உயரம் ஓர் எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்தால், தடுப்பு ஒரு நானோமீட்டர் மெலிவதற்கு டனலிங் (தடுப்பை ஏறித் தாண்டாமல் குவாண்டம் விதிப்படி ஊடுருவித் தாவுவது) மின்னோட்டம் இருபதாயிரம் மடங்குக்கு மேல் கூடும். கருவியின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்று வைப்போம், அதில் பத்துக்குப் பத்து நானோமீட்டர் அளவில் ஒரே ஒரு பள்ளம். பரப்பில் அது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. சுற்றியிருக்கும் சமமான மெல்லிய படலத்தைவிட அந்த இடம் சுமார் இரண்டேகால் நானோமீட்டர் மெலிந்திருந்தால் போதும், மீதி மொத்தப் பரப்பும் கடத்துவதற்குச் சமமான டனலிங் மின்னோட்டத்தை அது ஒன்றே கடத்தும். இன்னும் ஒரு நானோமீட்டர் மெலிந்தால் மற்ற இடமெல்லாம் கணக்கிலேயே வராது. நூறு நானோமீட்டருக்கு மேல் தடித்த படலத்தில் டனலிங்கே நடக்காது என்பதால் அங்கே ஒப்பீடு இன்னும் மோசம்: கோபால்ட் கீழிறங்கி மாங்கனைட்டுக்குச் சில நானோமீட்டர் அருகில் வந்து நின்ற ஓரிடம் இருந்தால் நாம் அளப்பது அந்த ஓரிடத்தை மட்டும்தான். நுண்ணோக்கியில் அழகான சமப்படலம் என்று படம் போடுவது இதற்குப் பதில் ஆகாது, மில்லிமீட்டர் பரப்பில் பத்து நானோமீட்டர் புள்ளியை எந்தக் குறுக்குவெட்டுப் படத்தில் பிடிப்பது!

டனலிங் என்றால் குறியும், அதாவது மின்தடை கூடாமல் குறைந்ததும், ஆச்சரியம் இல்லை. மாங்கனைட்டுக்கும் கோபால்ட்டுக்கும் நடுவே ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்ற ஆக்சைடைத் தடுப்பாக வைத்த டனல் சந்திகளில் இதே மாதிரி தலைகீழ் காந்தமின்தடை வருவதை 1999-லேயே டெ தெரேசா, ஃபெர்ட் முதலானவர்கள் சயன்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். கரிமப் பொருள் ஒரு துளியும் அதில் கிடையாது.

அடுத்த சில வருஷங்களில் இரண்டு பக்கமும் ஆதாரங்கள் குவிந்தன. 2007-இல் எம்ஐடி-யில் சாண்டோஸ், ஜகதீஷ் மூடேரா முதலானோர் சில நானோமீட்டரே தடிமனுள்ள அல்க்யூ3-ஐ டனல் தடுப்பாகவே வைத்து, ஆமாம் இது டனலிங்தான் என்று அறிவித்துவிட்டு, அறை வெப்பநிலையிலும் காந்தமின்தடை காட்டினார்கள். மூலக்கூறு வழியாகத் தாவும்போது ஸ்பின் கெடுவதில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. நகர்வதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 2008-இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஜியாங், பியர்சன், பேடர் மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே அல்க்யூ3-இல் ஸ்பின் கடத்தல் இல்லை என்பதுதான். அதே வருஷம் வின்செல்பெர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் மாங்கனைட்-கரிமம்-கோபால்ட் கருவிகளை அளந்து, தெரிவது டனலிங் காந்தமின்தடை என்ற முடிவுக்கு வந்தார்கள். 2010-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் வோல்கெனான்ட் குழு ரூப்ரீன் என்ற கரிமப் பொருளின் தடிமனைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தது. மெல்லியதாக இருக்கும் வரை டனலிங், அதில் ஸ்பின் வால்வு விளைவு இருக்கிறது. தடித்து, எலக்ட்ரான் உண்மையிலேயே கரிமப் பொருளுக்குள் நுழைந்து போக வேண்டிய நிலை வந்ததும் விளைவு காணாமல் போகிறது. எதிர்த் தரப்பின் வாதங்களில் எனக்கு இதுவே மிக நேர்த்தியானதாகத் தெரிகிறது.

இதற்கு நடுவே 2010-இல் ஃபெர்ட் இருந்த, பிரான்சின் ஒர்சே குழுவின் பாரோ முதலானோர் செய்தது வேறு ரகம். மெலிந்த இடம் என்ற பிரச்சினையைத் தவிர்ப்பதற்குப் பதில் அதையே கருவியாக்கிவிட்டார்கள். அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியால் அல்க்யூ3 படலத்தில் வேண்டுமென்றே ஒரு குழி போட்டு, அடியில் சில நானோமீட்டர் மட்டும் மிச்சம் வைத்து, குழியைக் கோபால்ட்டால் நிரப்பினார்கள். 2 கெல்வினில் 300 சதவீதம் வரை கிடைத்தது. அதைவிட முக்கியம், குறி நேராக இருந்தது, யூட்டா முடிவுக்கு எதிர். அவர்கள் தந்த விளக்கம்: காந்தத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் முதல் வரிசை மூலக்கூறின் ஆற்றல் மட்டங்கள் காந்தத்தோடு கலந்து, ஒரு ஸ்பின்னுக்கு அகலமாகவும் மற்றதற்குக் குறுகலாகவும் ஆகிவிடுகின்றன, அந்தக் கலப்பைப் பொறுத்து மின்முனையின் குறியே மாறிவிடும். மின்முனை என்றால் உலோகம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தது போய், உலோகமும் அதன் மேல் இருக்கும் முதல் மூலக்கூறும் சேர்ந்ததுதான் மின்முனை என்று ஆனது. இன்று இந்தத் துறையில் உருப்படியாக வளர்ந்திருக்கும் கிளைகளில் ஒன்று இந்த இடைமுக ஆய்வு.

படிவளைவு என்பதே எவ்வளவு லேசாக ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷ்மிட் குழு 2011-இல் ஒரே ஒரு காந்த மின்முனை மட்டும் உள்ள கரிமக் கருவியில் ஸ்பின் வால்வு மாதிரியே தோன்றும் வளைவுகளைக் காட்டியது. மறுபுறம் காந்தமே இல்லை, ஆகவே இங்கிருந்து அங்கே ஸ்பின் போய்ச் சேர்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாங்கனைட்டின் காந்தத் திசை படிக அச்சுகளுக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து டனலிங் மின்தடை மாறுகிறது, அவ்வளவுதான்.

ஹான்லே சோதனை

சரி, ஸ்பின் உண்மையிலேயே உள்ளே நகர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்பின் திசைக்குச் செங்குத்தாக ஒரு சிறு காந்தப்புலம் கொடுத்தால் ஸ்பின் அந்தப் புலத்தைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கும். வேகம் நன்றாகத் தெரிந்த எண்: ஒரு மில்லிடெஸ்லாவுக்கு நொடிக்கு 2 கோடியே 80 லட்சம் சுற்று. தத்தித் தத்திப் போகும் எலக்ட்ரான்களில் ஒவ்வொன்றும் மறுகரையை வெவ்வேறு நேரத்தில் அடையும், ஆகவே ஒவ்வொன்றின் ஸ்பின்னும் வெவ்வேறு கோணத்தில் போய்ச் சேரும், சராசரி பூஜ்யம், காந்தமின்தடை மறைந்துவிடும். உலோகத்திலும் சிலிக்கானிலும் காலியம் ஆர்சனைடிலும் ஸ்பின் கடத்தலை நிரூபிக்க நடுவர்கள் கேட்கும் சான்று இது. டனலிங் என்றால் கடக்க நேரமே ஆகாது, சுழல அவகாசம் இல்லை, புலம் கொடுத்தாலும் எதுவும் மாறாது. அதனால் இந்தச் சோதனை இரண்டு தரப்பையும் நேராகப் பிரித்துக் காட்டும்.

அல்க்யூ3-க்கு எவ்வளவு புலம் தேவை? நூறு நானோமீட்டர், ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, மேலே சொன்ன தாராளமான இயங்குதிறன். கணக்குப் போட்டால் கடக்க ஆகும் நேரம் சுமார் 100 மைக்ரோசெகண்ட். 11 கெல்வினில் இயங்குதிறன் இன்னும் வெகுவாகக் குறைந்திருக்கும், ஆகவே இது அடிமட்ட மதிப்பு. ஒரு மில்லிடெஸ்லா செங்குத்துப் புலத்தில் அந்த நேரத்துக்குள் ஸ்பின் 2800 தடவை சுற்றியிருக்கும். பூமியின் காந்தப்புலம் சுமார் 45 மைக்ரோடெஸ்லா, அது செங்குத்தாக விழுந்தாலே 120 சுற்றுக்கு மேல். அதாவது எலக்ட்ரான் உண்மையிலேயே தத்திப் போயிருந்தால், இந்த விளைவை அழிப்பதற்கு ஆய்வகத்தில் தனியாக மின்காந்தம்கூட வேண்டாம். மில்லிடெஸ்லா அளவு செங்குத்துப் புலம் கோபால்ட் படலத்தின் காந்தத்தைத் தளத்திலிருந்து எழுப்பவும் போதாது, அதற்கு ஒரு டெஸ்லாவுக்கு மேல் வேண்டும். சோதனை சுத்தமானது, மலிவானது, கருவியைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்தால் முடிந்தது.

2013-இல் இரண்டு குழுக்கள் செய்து வெளியிட்டன. ஒன்று ஹாலேயின் ஷ்மிட் குழு. இன்னொன்று பொலோன்யாவின் ரிமினுச்சி, டெடியு குழு, 2002-இல் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர்களே தங்கள் தரப்புக் கருவியையே கூண்டில் ஏற்றினார்கள். காந்தமின்தடை தெளிவாக இருந்தது. ஹான்லே விளைவு இல்லை. புலம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சமிக்ஞை அப்படியே நின்றது. பொலோன்யா குழு தன் கட்டுரையின் தலைப்பிலேயே ஹான்லே விளைவைக் காணவில்லை என்று எழுதியது.

ஷ்மிட்டைப் பற்றி ஒரு சின்னத் தகவல். காந்த உலோகத்திலிருந்து குறைகடத்திக்குள் நேராக ஸ்பின்னைச் செலுத்த முடியாது, இரண்டின் மின்கடத்துதிறனும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் என்று 2000-இல் எழுதிய கட்டுரையின் முதல் ஆசிரியரும் அவரே. நடுவில் டனல் தடுப்பு வைத்தால் அந்தச் சிக்கல் தீரும் என்று அதே வருஷம் ராஷ்பா என்ற இயற்பியலாளர் வழி சொன்னார். பதின்மூன்று வருஷம் கழித்துக் கரிமப் பொருளிலும் கடினமான கேள்வியை அவர் குழு கேட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்ச்சான்றுகள் இல்லாமல் இல்லை

இதோடு வழக்கு முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான், ஆனால் நகர்வுத் தரப்பின் கையில் மூன்று நல்ல சான்றுகள் இருக்கின்றன, அவற்றைத் தள்ளிவிட முடியாது.

2009-இல் ஆலன் ட்ரூ முதலானோர் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் குறைந்த ஆற்றல் மியூவான்களை (எலக்ட்ரான் வகையைச் சேர்ந்த, அதைவிடக் கனமான துகள்களை) வேலை செய்துகொண்டிருக்கும் ஓர் அல்க்யூ3 ஸ்பின் வால்வுக்குள் செலுத்தினார்கள். மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோசெகண்ட், அது சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான் (நேர்மின் எலக்ட்ரான்) மியூவானின் ஸ்பின் பார்க்கும் திசையில் அதிகமாக வரும், ஆகவே மியூவான் நின்ற இடத்தில் இருந்த காந்தப்புலம் தெரிந்துவிடும். ஆற்றலை மாற்றினால் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்திப் பார்த்தபோது கரிம அடுக்குக்குள் புலத்தின் பரவல் மாறியது, அதிலிருந்து பெற்ற பரவல் நீளமும் காந்தமின்தடையும் வெப்பநிலையோடு கூடவே நடந்தன. மெலிந்த இடம் என்ற வாதம் இதற்குப் பதில் சொல்லாது, மியூவான்கள் பரப்பு முழுக்க விழுகின்றன. அதே வருஷம் கைசர்ஸ்லவுட்டர்னில் சின்கெட்டி குழு கோபால்ட்டிலிருந்து தாமிர ஃப்தலோசயனினுக்குள் ஸ்பின் 85 முதல் 90 சதவீதம் திறனோடு செல்கிறது என்று, ஒளிபட்டு எலக்ட்ரான் வெளியேறுவதை அளக்கும் முறையில் காட்டியது. ஆனால் அது லேசர் எழுப்பிவிட்ட அதிக ஆற்றல் எலக்ட்ரான்களுக்கு, மில்லிவோல்ட் மின்னோட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

இரண்டாவது, யூட்டா குழுவின் 2010 வேலை. ஒரு பாலிமரில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு டியூட்டீரியம் வைத்தார்கள். வேதியியல் அதேதான், அணுக்கருவின் காந்தப்புலம் மட்டும் குறைகிறது. ஸ்பின் வால்வு விளைவு கூடியது. வெறும் டனலிங் என்றால் அணுக்கரு எது என்று அதற்கு ஏன் தெரிய வேண்டும்? இந்தக் கேள்விக்கு டனலிங் தரப்பிலிருந்து எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை.

மூன்றாவது 2012-இல் அதே குழு செய்த ஸ்பின் ஓஎல்இடி. காந்தத் திசையைப் பொறுத்து ஒளியின் அளவு ஒரு சதவீதம் போல மாறியது. ஒளி வருகிறது என்றால் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாததால் நேர்மின் போல நடக்கும் காலி இடமும்) கரிமப் பொருளுக்குள் உண்மையாக நுழைந்து சந்தித்திருக்க வேண்டும், அதில் டனலிங் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் வேறு சாக்கு இருக்கிறது. காந்தமே இல்லாத மின்முனையுள்ள சாதாரண கரிம டையோடும் சில மில்லிடெஸ்லா புலத்துக்கு மின்தடை மாறும், 2004-இலேயே அயோவாவில் அளந்தது. காந்தப் படலம் திசை திரும்பும்போது அதன் விளிம்புகளிலும் கரடுமுரடான இடங்களிலும் கசியும் புலமே அதற்குப் போதும் என்று 2012-இல் வோல்கெனான்ட்டும் கென்ட்டும் ஃப்ளாட்டும் சேர்ந்து காட்டினார்கள்.

ஸ்பின் மட்டும் போனால்?

ஹான்லே விளைவு இல்லாததற்கு டனலிங் தவிர வேறு விளக்கம் உண்டா என்று தேடியதில் வந்ததுதான் 2013-இல் ஸி-காங் யூ முன்வைத்த யோசனை. எலக்ட்ரான் தத்திப் போகும்போது கூடவே ஸ்பின்னும் போகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் கணக்குப் போட்டார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளில் ஆளுக்கொரு எலக்ட்ரான் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு அடர்த்தி இருந்தால், இருவரும் இடம் மாறாமலே ஸ்பின்னை மட்டும் பரிமாறிக்கொள்ள முடியும். கிணற்றிலிருந்து வரிசையாக ஆட்கள் நின்று குடத்தைக் கைமாற்றினால் யாரும் நடக்காமலே தண்ணீர் தெருமுனைக்குப் போய்விடுவது மாதிரி. இந்தப் பரிமாற்றம் தத்தலைவிடப் பல மடங்கு வேகமானது. கடக்கும் நேரம் மைக்ரோசெகண்டிலிருந்து வெகுவாகச் சுருங்கினால், மில்லிடெஸ்லா புலத்துக்குச் சுழற்ற அவகாசமே இருக்காது, ஹான்லே விளைவும் தெரியாது.

அழகான யோசனை. ஒரு சங்கடம், தூய அல்க்யூ3-இல் அவ்வளவு எலக்ட்ரான்கள் ஏது? தடுப்புக் கணக்கு சொன்னபடி மில்லிவோல்ட்டில் உள்ளே யாருமே இல்லை. மறுவருஷமே யூ அதற்கும் பதில் தந்தார்: கருவி செய்யும்போது நுழையும் மாசுகள் ஆற்றல் இடைவெளியின் நடுவில் தனி மட்டங்களை உண்டாக்கி, மின்னோட்டமும் ஸ்பின்னும் அந்த மாசுப் பட்டை வழியாகவே போகின்றன. அப்படியென்றால் இத்தனை வருஷமாக அளந்தது அல்க்யூ3-இன் குணத்தையா, அதில் கலந்த அழுக்கின் குணத்தையா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

பரிமாற்றம் என்ற யோசனைக்கு ஆதரவு வந்தது ஸ்பின் வால்வே இல்லாத கருவிகளிலிருந்து. காந்தப் படலத்தை மைக்ரோ அலையால் அதிரவைத்தால் மின்னோட்டம் இல்லாமலே பக்கத்து அடுக்குக்குள் ஸ்பின் பாயும். மறுபுறம் பிளாட்டினம் மாதிரி கனமான உலோகத்தை வைத்தால், வந்து சேரும் ஸ்பின்னை அது மின்னழுத்தமாக மாற்றிக் காட்டும். 2014-இல் கேம்பிரிட்ஜின் ஹென்னிங் சிரிங்ஹாஸ் குழுவில் வாதானபே முதலானோர் பிபிடிடிடி என்ற பாலிமர் வழியாக இப்படி நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஸ்பின்னை அனுப்பினார்கள், புலத்தைச் சாய்த்து வைத்து ஸ்பின் சுழல்வதையும் அளந்தார்கள். 2015-இல் சீனாவின் நான்ஜிங்கிலிருந்து அல்க்யூ3-க்கே இந்த முறையைப் பயன்படுத்திய கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஒருவர் டி வூ, 2004 கட்டுரையின் அதே டி வூ. இரும்பு கார்னெட் என்ற, மின்சாரம் கடத்தாத காந்தப் பொருளிலிருந்து ஸ்பின், மறுபுறம் பல்லேடியம். பரவல் நீளம் சுமார் 50 நானோமீட்டர், வெப்பநிலை மாறினாலும் அது ஏறக்குறைய மாறவில்லை. தத்தல் என்றால் குளிரில் உறைந்திருக்க வேண்டும். ஆகவே பரிமாற்றம் என்று முடிவு கட்டினார்கள். 2019-இல் கேம்பிரிட்ஜ் குழு அதே பிபிடிடிடி-இல் மின்சுமைகளை நெருக்கமாக ஏற்றி, பரவல் நீளத்தை ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் கொண்டுபோனது. அடர்த்தி கூடினால் தூரம் கூடும் என்று பரிமாற்ற யோசனை முன்கூட்டிச் சொன்னதும் அதையேதான்.

2004-இல் 45, 2015-இல் 50. எண்கள் பொருந்துவதைப் பார்த்து முதல் கட்டுரை ஜெயித்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். நான் அங்கே போக மாட்டேன். 45 என்பது அந்தத் தெளிவில்லாத பகுதியைக் கழித்துவிட்டுப் பொருத்திய எண், அந்தக் கழித்தலைக் கொஞ்சம் மாற்றினால் அதுவும் மாறும். வெப்பநிலை நடத்தையும் வேறு: ஒன்று சூட்டில் மறைகிறது, இன்னொன்று மாறவில்லை. அதற்கு மாங்கனைட்டின் மேற்பரப்புக் காந்தம் சூட்டில் தேய்வதே காரணம் என்று டெடியு குழு 2008-இலேயே சொன்னது, அது நியாயமான விளக்கம், ஆனால் அதுவும் கரிமப் பொருளைப் பற்றி அந்த வளைவு எதுவும் சொல்லவில்லை என்பதை ஒத்துக்கொள்வதுதான். மைக்ரோ அலை முறையும் அப்படியொன்றும் குற்றமற்றது இல்லை, அலை சூடேற்றும்போது வரும் வெப்பமின்னழுத்தம் அதே ஒத்ததிர்வுப் புலத்தில் அதே வடிவத்தில் வந்து நிற்கும், அதைப் பிரித்தெடுப்பது பெரிய தலைவலி.

என் கணிப்பு இதுதான். மின்சுமை நெருக்கமாக உள்ள கரிமப் பொருளில் ஸ்பின் நகர்கிறது, அதற்கு இன்று போதுமான ஆதாரம் இருக்கிறது. 2004 கருவியில் நாம் பார்த்தது பெரும்பாலும் மெலிந்த இடங்களின் டனலிங், அதில் மாசு வழிப் பரிமாற்றம் எவ்வளவு கலந்திருந்தது என்பதை அந்தக் கருவியின் அளவீடுகளிலிருந்து பிரிக்க வழியில்லை. பிரிக்க வேண்டுமானால் ஒரே மாங்கனைட் தகட்டில் வெவ்வேறு பரப்பளவில் கருவிகள் செய்து மின்தடை பரப்புக்குத் தலைகீழ் விகிதத்தில் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், போகாதவற்றைத் தூக்கிப் போட வேண்டும். மிஞ்சியவற்றில் மின்சுமை அடர்த்தியை வேண்டுமென்றே ஏற்றி இறக்கி, ஒவ்வொரு அடர்த்தியிலும் செங்குத்துப் புலத்தில் அளக்க வேண்டும். பரிமாற்றம் உண்மையானால் அடர்த்தி குறையும்போது ஓரிடத்தில் ஹான்லே விளைவு முளைத்தாக வேண்டும், அதற்கு வேண்டிய புலமும் அடர்த்தியோடு சேர்ந்து குறைய வேண்டும். எந்த அடர்த்தியிலும் முளைக்காவிட்டால் அது டனலிங்.